மதிப்பெண்களைக் கூட்டலாமா?

சரக்கு நல்லதா என்று அறிய அதைப் பயன்படுத்துவோரையே கேட்பது கூட்டுறவின் இயல்புக்கு ஒத்த வழக்கம். நெசவாளர் சங்கம் புதுச் சாயமிட்ட துண்டுகளை அங்கத்தினர் வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறது. விவசாயிகள் சங்கம் புதுப் பக்குவத்தில் பிடித்த கடலை உருண்டையைப் பொதுக்கூட்டத்தன்று தட்டில் வைத்து நீட்டுகிறது. “ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் இடுங்கள்” என்கிறோம். சீட்டுகள் வந்து சேருகின்றன. பிறகு என்ன செய்கிறோம்? கூட்டுகிறோம், வகுக்கிறோம், சராசரி காண்கிறோம். எது அதிகமோ அதற்கு நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். இந்தக் கடைசிப் படியிலேதான் சங்கத்தின் பணம் வீணாவதற்கு வழி திறக்கிறது. அதை எடுத்துக் காட்டவும், சரியான வழி யாது என்று சொல்லவுமே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நமது பிழையையே முதலில் ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் (பெயர் இங்கு வேண்டுவதில்லை) இரண்டு சாயங்களை அங்கத்தினர்களிடம் பரீட்சை செய்து பார்த்திருந்தனர். சராசரி சிறிதளவே கூடியிருந்த சாயத்தைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கினர். சீட்டுகளைப் பார்வையிட்ட நாமும், கூட்டல் சரியாக இருக்கிறதென்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டோம். கூட்டல் சரிதான், கூட்டியதுதான் தவறு. அடுத்த ஆய்வின்போது அத்துண்டுகளில் பெரும்பகுதி கிடங்கில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பழைய சீட்டுகளை மீண்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பெரும்பாலோர் மற்றச் சாயத்தையே மேலாக மதித்திருந்தனர் என்பதும், ஒரு சிலர் அள்ளியிட்ட மதிப்பெண்களே சராசரியைத் தூக்கிவிட்டன என்பதும் விளங்கின. தறியில் உட்கார்ந்தவரின் கூலி அந்தக் கட்டுகளில் முடங்கிக் கிடந்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையிலுள்ள பிரம்மதேசத்தில், அங்கத்தினர் கூட்டமொன்றில் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நிலக்கடலை பயிரிடும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, நான் போட்ட மூணும் பக்கத்து வீட்டுத் தம்பி போட்ட மூணும் ஒண்ணாகுமா? அவன் எதைத் தின்னாலும் அஞ்சு போடுவான். நான் மூணு போட்டாலே அது பெரிசு” என்றார். கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. புள்ளியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த அம்மையார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எடை வேறு, வரிசை வேறு

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நம் விவசாயிகள் அறிவர். 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2, 1967-இல் வெளிவந்த டி.எம்.வி. 7 ஆகிய நிலக்கடலை இரகங்களின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. ஓர் இரகம் மற்றோர் இரகத்தைவிட எத்தனை கிலோ கூடுதலாக விளைகிறது என்பதைத் தராசு சொல்லும். 10 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் எதுவோ, அதுவே 40 கிலோவுக்கும் 50 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கிலோக்களைக் கூட்டலாம், சராசரி காணலாம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர், 1920-களில் வகுத்த ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ என்னும் முறை இத்தகைய அளவுகளுக்கு மிகவும் பொருத்தமானது.

ஆனால் சுவைக்குத் தராசு இல்லை. ‘பிடிக்கவே இல்லை’ என்பதற்கு 1, ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு 2, ‘பரவாயில்லை’ என்பதற்கு 3, ‘நன்று’ என்பதற்கு 4, ‘மிக நன்று’ என்பதற்கு 5 என்று நாம் எண் கொடுக்கிறோம். பரவாயில்லை என்பதிலிருந்து நன்று என்பதற்கு எவ்வளவு தூரமோ, நன்று என்பதிலிருந்து மிக நன்று என்பதற்கும் அவ்வளவே தூரம் என்று யார் அளந்தார்? ஓட்டப் பந்தயத்தில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வந்தவர்களை நாம் அறிவோம். முதலாமவர் ஒரு கை நீளத்தில் முந்தினாரா, ஒரு பர்லாங்கு முந்தினாரா என்பதை அந்த எண் சொல்லாது. சுவை மதிப்பெண்ணும் அத்தகையதே. அது முன் பின் என்னும் வரிசையை மட்டும் சொல்லும். இதனை ‘வரிசை அளவு’ என்று குறிப்போம்.

நெசவாளர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. சாயம் வெயிலை எவ்வளவு தாங்கும் என்று அறிய, நீலச் சாயமேற்றிய எட்டுக் கம்பளித் துணிகளை உரைகல்லாக வைத்து 1 முதல் 8 வரை தரம் கொடுப்பது சர்வதேச வழக்கம். இந்த எட்டுப் படிகளில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும்படி அமைந்தது. ஆகவே 4-ஆம் தரம் பெற்ற சாயம் 2-ஆம் தரச் சாயத்தைப்போல் இரு மடங்கன்று. ஏறத்தாழ நான்கு மடங்கு தாங்கும். 8-ஆம் தரம் 4-ஆம் தரத்தைப்போல் பதினாறு மடங்கு தாங்கும். இரண்டையும் எட்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ‘சராசரித் தரம் ஐந்து’ என்று எழுதுவது எவ்வளவு பொருளற்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சலவையில் சாயம் மங்குவதைச் சாம்பல் நிறப் படிகளோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை இடும் தரமும் வரிசை அளவே.

ஒரே நாக்கு, பல சரக்கு

இரண்டாவது விஷயம் ஒன்றுண்டு. நம் பரீட்சைகளில் ஒரே அங்கத்தினர் எல்லாச் சரக்கையும் சுவைக்கிறார். ஒரே வீட்டார் எல்லாத் துண்டையும் துவைத்துப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு பேர் மூன்று சரக்கைச் சுவைத்தால் முப்பத்தாறு மதிப்பெண்கள் கிடைக்கும். அவை முப்பத்தாறு பேரின் சாட்சியமாகா. பன்னிரண்டு பேரின் சாட்சியமே. கையிறுக்கமான அங்கத்தினரின் மூன்று மதிப்பெண்ணும் தாழ்ந்தே இருக்கும். தாராளக்காரரின் மூன்றும் உயர்ந்தே இருக்கும். இவற்றை ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால், ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமை சரக்குக்குச் சரக்குள்ள வேற்றுமையை மறைத்துவிடும். ஆகவே ஒப்பீடு ஒவ்வோர் ஆளின் சீட்டுக்குள்ளேயே நடைபெற வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியின் மூன்றை அம்மையாரின் மூன்றோடு ஒப்பிட வேண்டாம். அம்மையாருக்கு எது முதல், எது கடை என்று அவர் சீட்டிலேயே பார்ப்போம்.

இவ்விரண்டு விஷயங்களும் சேர்ந்தே எந்தப் பரீட்சை முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மதிப்பெண் வரிசை அளவு. சாட்சிகள் அதே ஆட்கள். இவற்றை மனத்திற்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மாதிரிக் கணக்கு

பிரம்மதேசத்தில் ஒரு சங்கம் கடலை உருண்டை செய்து விற்க எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். பனைவெல்லப் பாகு, வெல்லப் பாகு, சர்க்கரைப் பாகு என மூன்று வகை. பன்னிரண்டு அங்கத்தினர் சுவைத்து மதிப்பெண் இடுகின்றனர். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒவ்வொரு வரியிலும் பனைவெல்லம், வெல்லம், சர்க்கரை என்ற ஒழுங்கில் எண்கள் நிற்கின்றன.

1-ஆமவர்: 2, 3, 1
2-ஆமவர்: 4, 5, 3
3-ஆமவர்: 3, 4, 2
4-ஆமவர்: 2, 3, 1
5-ஆமவர்: 4, 5, 2
6-ஆமவர்: 3, 4, 1
7-ஆமவர்: 4, 5, 3
8-ஆமவர்: 2, 3, 1
9-ஆமவர்: 3, 4, 2
10-ஆமவர்: 5, 1, 2
11-ஆமவர்: 5, 2, 1
12-ஆமவர்: 5, 2, 1

வழக்கம்போல் கூட்டினால் பனைவெல்லம் 42, வெல்லம் 41, சர்க்கரை 20. காரியதரிசி ‘பனைவெல்லமே முதல்’ என்று எழுதிவிடுவார். ஆனால் சீட்டுகளைப் பாருங்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வெல்லத்தையே பனைவெல்லத்திற்கு மேலாக வைத்திருக்கின்றனர்! கடைசி மூவரின் உரத்த குரல் ஒன்பது பேரின் அமைதியான விருப்பத்தை அமுக்கிவிட்டது.

இனி, ஒவ்வொரு சீட்டிலும் மதிப்பெண்ணை அகற்றிவிட்டு வரிசை எண்ணை மட்டும் எழுதுவோம். அவரவர் சீட்டில் கடையானதற்கு 1, நடுவிலுள்ளதற்கு 2, முதலானதற்கு 3. முதல் ஒன்பது பேருக்கும் பனைவெல்லம் 2, வெல்லம் 3, சர்க்கரை 1. பத்தாமவருக்கு முறையே 3, 1, 2. கடைசி இருவருக்கும் 3, 2, 1. வரிசை எண்களைக் கூட்டினால் பனைவெல்லம் 27, வெல்லம் 32, சர்க்கரை 13. மொத்தம் 72.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தாராளக்காரர் சீட்டிலும், கையிறுக்கக்காரர் சீட்டிலும் வரிசை எண்களின் கூட்டு ஆறுதான். எவர் குரலும் மற்றவர் குரலைவிட உரத்து ஒலிக்க இயலாது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் தங்கள் கடையைத் திறந்தது முதல் கூட்டுறவு உலகம் போற்றிவரும் ‘ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு’ என்னும் விதியே இங்கே கணக்கின் உருவில் நிற்கிறது.

பிரீட்மன் பரீட்சை

இம்முறையை 1937-இல் வகுத்தவர் மில்டன் பிரீட்மன் என்னும் அமெரிக்கர். பின்னாளில், 1976-இல், பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. மூன்று சரக்குக்கும் வேற்றுமையே இல்லையென்றால், வரிசை எண்கள் தற்செயலாக விழுந்து ஒவ்வொன்றும் 24-ஐ ஒட்டி நிற்கும். நமக்குக் கிடைத்த 27, 32, 13 என்னும் எண்கள் அதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதே கேள்வி.

கணக்கு எளிது, பள்ளி இறுதி வகுப்புப் படித்தவர் போடலாம். மூன்று கூட்டுத்தொகைகளையும் தனித்தனியே வர்க்கம் செய்க: 729, 1,024, 169. இவற்றின் கூட்டு 1,922. இதை 12-ஆல் பெருக்குக. இந்த 12 சூத்திரத்தில் எப்போதும் வரும் எண். நம் ஆட்களின் தொகையும் 12 ஆனது தற்செயல். பிறகு ஆட்கள் 12, சரக்கு 3, சரக்கினும் ஒன்று கூடிய 4 ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் 144-ஆல் வகுக்க 160.17 கிடைக்கும். அதிலிருந்து, மூன்றை ஆட்களாலும் நான்காலும் பெருக்கிய தொகையாகிய 144-ஐக் கழிக்க, எஞ்சுவது 16.17. மூன்று சரக்குகளாயின் இவ்வெண் 5.99-ஐத் தாண்ட வேண்டும், நான்காயின் 7.81, ஐந்தாயின் 9.49. தாண்டினால், அத்தகைய வேற்றுமை தற்செயலாக நேர்வது நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவு என்று பொருள். ஆட்கள் மிகச் சிலராயின் இதற்கெனத் தனி அட்டவணை உண்டு. ஒருவர் இரண்டு சரக்குக்கு ஒரே மதிப்பெண் இட்டிருந்தால், அவ்விரண்டுக்கும் உரிய வரிசை எண்களின் நடுவை இரண்டுக்கும் கொடுத்து, அதற்குரிய திருத்தத்தையும் செய்ய வேண்டும்.

நமது 16.17 எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது. அங்கத்தினர்களிடையே எவ்வளவு ஒற்றுமை என்று அறிய, இதே எண்ணை ஆட்களின் தொகையாலும் சரக்கில் ஒன்று குறைந்த தொகையாலும் வகுக்கலாம். 16.17-ஐ 24-ஆல் வகுக்க 0.67. முழு ஒற்றுமையாயின் 1, ஒற்றுமையே இல்லையாயின் 0. இதற்குக் கெண்டல் ஒற்றுமை எண் என்று பெயர்.

எது எதைவிட மேல்?

பலர் தவறுவது இனிமேல்தான். பிரீட்மன் பரீட்சை ‘மூன்றும் ஒன்றல்ல’ என்று மட்டுமே சொல்லிற்று. ‘வெல்லமே முதல்’ என்று அது சொல்லவில்லை. எது எதைவிட மேல் என்று காண, இரண்டிரண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மிகப் பழையதும் எளியதுமான வழி குறிப் பரீட்சை. 1710-இல் ஜான் அர்பத்னாட் என்பவர், லண்டனில் 82 ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளே அதிகமாக ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டு, இது தற்செயலாகாது என்று வாதிட்டது இம்முறையில்தான். இதை மேல் என்றவர் எத்தனை பேர், அதை மேல் என்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவதைத் தவிர இதில் வேறில்லை. நாணயம் சுண்டினால் அத்தனை ஒருதலைப்பட்சமாக விழுவது எத்தனை அரிது என்று கேட்கிறோம்.

சங்க அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கத்தக்க ஒரு சிறு பட்டியல் வருமாறு. இரண்டும் சமம் என்றவர்களை விலக்கிய பிறகு, எஞ்சியவர்களில் ஒரு பக்கத்தில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை இது காட்டும்.

6 பேரில் 6
8 பேரில் 8
10 பேரில் 9
12 பேரில் 10
16 பேரில் 13
20 பேரில் 15

ஐந்து பேர் மட்டும் இருந்தால், ஐவரும் ஒருமனதாகச் சொன்னாலும் போதாது என்பதைக் காரியதரிசிகள் குறித்துக்கொள்க. நிர்வாகக் குழுவினர் ஐவர் சுவைத்துத் தலையசைத்தது பரீட்சையாகாது.

இனி நம் கணக்கு. பனைவெல்லம் சர்க்கரையைவிட மேல் என்றவர் 12 பேரில் 12. இது தற்செயலாக நேர்வது 4,096-இல் 2 தடவை. வெல்லம் சர்க்கரையைவிட மேல் என்றவர் 11 பேர். இது 4,096-இல் 26 தடவை. வெல்லம் பனைவெல்லத்தைவிட மேல் என்றவர் 9 பேர். இதுவோ 4,096-இல் 598 தடவை, அதாவது நூற்றுக்குப் பதினான்குக்கு மேல். மூன்று ஜோடிகளைப் பார்ப்பதால் தற்செயல் ஏமாற்றுவதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. அதற்காக நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லையை மூன்றால் வகுத்து, நூற்றுக்கு 1.67 என்று இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இறுக்கமான எல்லைக்குள்ளும் முதலிரண்டும் நிற்கின்றன, மூன்றாவது நிற்கவில்லை.

தீர்ப்பு யாது? சர்க்கரைப் பாகைக் கைவிடலாம். வெல்லத்துக்கும் பனைவெல்லத்துக்கும் இடையே இத்தனை பேரைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டும் சமம் என்று இதற்குப் பொருளன்று. வழக்கு நிரூபணமாகவில்லை என்றே பொருள். மேலும் ஒரு செய்தி உண்டு. ஒன்பது பேர் வெல்லத்தைச் சிறிதளவு மேலாக விரும்ப, மூன்று பேர் பனைவெல்லத்தை மிக விரும்பி வெல்லத்தை வெறுக்கின்றனர். இவர்கள் இரண்டு கட்சியினர். இருவகையும் செய்து, பெரும்பகுதி வெல்லத்திலும் சிறுபகுதி பனைவெல்லத்திலும் விற்றுப் பார்ப்பது அறிவுடைமை. 42, 41 என்ற சராசரிக் கணக்கு இதை ஒருபோதும் காட்டியிராது.

வில்காக்சன் முறை எப்போது?

இரண்டு சரக்குகளை ஒப்பிட 1945-இல் பிராங்க் வில்காக்சன் என்னும் இரசாயன அறிஞர் மற்றொரு முறை தந்தார். யார் மேல் என்பதோடு, எத்தனை மேல் என்பதையும் அது கவனிக்கும். வித்தியாசங்களைச் சிறியது முதல் பெரியதுவரை வரிசைப்படுத்தி, இரு பக்கத்து வரிசை எண்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும். நம் கணக்கில் வெல்லத்தின் பக்கம் 45, பனைவெல்லத்தின் பக்கம் 33. பன்னிரண்டு பேராயின் சிறிய தொகை 13 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் வேற்றுமை உறுதி. ஆகவே இங்கும் உறுதியில்லை. இரு முறைகளும் ஒன்றையே சொல்கின்றன.

குறிப் பரீட்சையைவிட இது கூர்மையானது. எனினும் இதில் ஒரு மதிப்பெண்ணிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். 1-க்கும் 3-க்கும் உள்ள தூரமும் 3-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் சமம் என்று கொண்டால்தான் அந்தக் கழித்தலுக்குப் பொருளுண்டு. படிகள் சமமானவை என்று நம்ப இடமிருந்தால் வில்காக்சன். சந்தேகம் இருந்தால் குறிப் பரீட்சை. கூர்மை சிறிது குறைந்தாலும் நேர்மை குறையாது.

எந்தச் சந்தர்ப்பத்தில் எது?

அங்கத்தினர் வசதிக்காகச் சுருக்கித் தருகிறோம். அதே ஆட்கள் இரண்டு சரக்குகளைப் பார்த்தால் குறிப் பரீட்சை அல்லது வில்காக்சன். அதே ஆட்கள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சரக்குகளைப் பார்த்தால் பிரீட்மன். பிறகு எல்லையை இறுக்கிக்கொண்டு ஜோடி ஜோடியாகக் குறிப் பரீட்சை. வெல்லத்தை ஓர் ஊராரும் சர்க்கரையை வேறோர் ஊராரும் என்று வெவ்வேறு ஆட்கள் சுவைத்திருந்தால், 1947-இல் வந்த மான்–விட்னி முறை. மூன்று குழுவாயின் 1952-இல் வந்த கிரஸ்கல்–வாலிஸ் முறை. இவ்விரண்டையும் அதே ஆட்களின் சீட்டுகளுக்குப் பயன்படுத்துவது பெருந்தவறு. ‘வாங்குவேன், வாங்கமாட்டேன்’ என்ற இரண்டே விடையாயின், அதே ஆட்களிடம் இரண்டு சரக்குக்கு மக்னமார் முறை, மேற்பட்டவற்றுக்குக் காக்ரன் முறை. ஆறேழு சரக்குகள் இருந்து ஒரே ஆள் எல்லாவற்றையும் சுவைக்க முடியாவிடில், ஒழுங்குபடப் பங்கிட்டுக் கொடுத்து 1951-இல் வந்த டர்பின் முறையைக் கையாளலாம். வயது, ஊர், சுவைத்த முறை என்று பல காரணங்களையும் ஒருங்கே ஆராய விரும்பினால், வரிசை அளவுக்கென்றே அமைந்த கலப்பு மாதிரிகள் இக்காலத்தில் கணிப்பொறியில் உள்ளன. அதற்குப் புள்ளியியல் கற்றவரின் துணை வேண்டும்.

ஒருவரே அதே சரக்கை மூன்று நாள் சுவைத்து மூன்று மதிப்பெண் இட்டிருந்தால், அவரை மூவராக எண்ணக்கூடாது. மூன்றில் நடுவான மதிப்பெண்ணை எடுத்து, அவரை ஒருவராகவே எண்ணுக.

சீட்டு கொடுக்குமுன்

கணக்கு எத்தனை சரியாயினும், சீட்டு கெட்டிருந்தால் பயனில்லை. உணவுப் பொருள்களின் புலன்வழிப் பரீட்சைக்கு இந்தியத் தர நிர்ணயக் கழகம் 1971-இல் ஐ.எஸ். 6273 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. சங்கங்கள் கடைப்பிடிக்கத்தக்க முக்கிய விதிகள் சிலவே.

சரக்கின் பெயரைச் சொல்லாமல் மூவிலக்க எண் இட்டுக் கொடுக்க வேண்டும். ‘க’ என்றும் ‘1’ என்றும் பெயரிட்டால் அதுவே முதல் தரம் என்ற எண்ணம் உண்டாகும். கொடுக்கும் வரிசையை மாற்றிமாற்றி வைக்க வேண்டும். பசியோடு முதலில் தின்றது ருசிக்கும். மூன்று சரக்கை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். பன்னிரண்டு பேராயின் ஒவ்வொரு விதத்திற்கும் இருவர் என்று சரியாக அமையும். இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தருக. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவும், சுவைத்துக்கொண்டே அபிப்பிராயம் சொல்லவும் இடந்தராதீர்கள். தலைவர் முதலில் ‘ஆகா’ என்றுவிட்டால், பிறகு வருவன அவருடைய ஆகாவின் எதிரொலிகளே. துண்டுகளாயின், ஒவ்வொரு வீட்டுக்கும் இருவகையும் கொடுத்து, ஒரே சோப்பில் ஒரே எண்ணிக்கைச் சலவைக்குப் பிறகு ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்த முறையில் கணக்கிடுவது, எந்த எல்லையைத் தாண்டினால் என்ன முடிவு செய்வது என்பதைச் சீட்டுகளைப் பிரிக்குமுன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சீட்டுகளைப் பார்த்த பிறகு முறையைத் தேடினால், விரும்பிய முடிவுக்கு ஏற்ற முறை எப்படியும் கிடைத்துவிடும்.

முடிவாக ஒரு சொல்

பிரம்மதேசத்து அம்மையாருக்கு அன்று நாம் தந்த விடை இது: “அம்மா, உங்கள் மூன்றும் அந்தத் தம்பியின் மூன்றும் ஒன்றல்ல. ஆனால் உங்கள் ‘இது மேல், இது கீழ்’ என்பதும், அவருடைய ‘இது மேல், இது கீழ்’ என்பதும் ஒன்றே. இனி அதைத்தான் எண்ணுவோம்.” அவர் தலையசைத்து உட்கார்ந்தார். பிறகு, “அப்போ அஞ்சு போடுறவன் சத்தம் இனிமே செல்லாதில்லே?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். செல்லாது என்றோம்.

சங்கத்தின் முதலீடு அங்கத்தினர்களின் வியர்வை. ஒரு சாயத்தையோ ஒரு பாகையோ தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தில் அவ்வியர்வையின் ஓராண்டு அடங்கியிருக்கிறது. அதைச் சராசரி என்னும் ஒற்றை எண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நாமும் ஒருமுறை கையெழுத்திட்டோம். இனி ஆய்வுக்குச் செல்லும்போது சராசரியைக் கேட்க மாட்டோம், சீட்டுகளைக் கேட்போம். அங்கத்தினர்களும் பொதுக்கூட்டத்தில் ‘எத்தனை மார்க்கு’ என்று கேளாமல், ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்று கேட்குமாறு வேண்டுகிறோம்.